அவையோரை அழைக்கும் சொல்

ஒரு கூட்டத்தின்முன் பேச எழுந்து நிற்பவன் முதலில் செய்யவேண்டிய செயல் ஒன்று உண்டு. எதிரே அமர்ந்திருப்போரை அவன் விளித்தாக வேண்டும். பொருளைப் பற்றிய எண்ணமெல்லாம் அதன்பின் வருவன. விளி சரியாக அமைந்துவிட்டால் அவை அவனுடையதாகிறது; பிழைத்துவிட்டால், அவையில் ஒரு பகுதியினர் 'இவன் நம்மோடு பேசவில்லை' என்று உள்ளத்தால் விலகிவிடுகின்றனர். தமிழில் நமக்கு இதில் பெருந்தொல்லை இல்லை. 'நண்பர்களே', 'மாணவர்களே', 'நேயர்களே' என்று அழைத்தால் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே அடங்குவர். பலர்பால் என்று நம் இலக்கணம் வகுத்த பிரிவில் ஆண் பெண் என்ற வேறுபாடே தோன்றுவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பேச எழும் மாணவர் ஒருவர் சற்றே தயங்குகிறார். 'ஜென்டில்மென்' என்றால் பெண்கள் விடுபடுவர். 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்றால் வகுப்புத் தோழர்களிடையே அது மிகையாக ஒலிக்கும். 'கய்ஸ்' என்றால் ஆசிரியர் முகம் சுளிப்பார். இந்தச் சிறு தயக்கத்தின் பின்னே பல நூற்றாண்டு வரலாறு மறைந்து கிடக்கிறது. அதனையே இன்று நாம் காணப் புகுகின்றோம்.

முதலில் நாமெல்லாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியை நினைவு கூர்வோம். 1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் சமயப் பேரவை கூடியது. சென்னையில் ஆசிரியராக விளங்கிய அளசிங்கப் பெருமாளும் அவர்தம் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று திரட்டிய பொருளின் துணைகொண்டு கடல் கடந்து சென்ற சுவாமி விவேகானந்தர், அன்று பேச எழுந்தார். 'அமெரிக்க நாட்டுச் சகோதரிகளே, சகோதரர்களே' என்று ஆங்கிலத்தில் விளித்தார். அவை ஆரவாரித்து எழுந்தது என்று வரலாறு கூறுகிறது. அவர் கருத்தை இன்னும் எடுத்துரைக்கவில்லை. அழைத்தது மட்டுமே செய்தார். உறவு முறையால் அழைத்ததோடு, பெண்டிரை முதலில் வைத்து அழைத்தார். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆடவரையும் பெண்டிரையும் ஒருசேர அழைக்க அவருக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வேண்டியிருந்தன. ஒரே சொல்லில் அழைக்கும் வழி என்ன ஆயிற்று?

இதற்கு விடை காண ஆங்கில மொழியின் இளமைக் காலத்திற்குச் செல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில், ஒருவரை நோக்கிப் பேசுங்கால் 'தௌ' என்றும், பலரை நோக்கிப் பேசுங்கால் 'யீ' என்றும் தனித்தனிச் சொற்கள் வழங்கின. நம் 'நீ', 'நீர்' என்பன போல என்க. 'யீ' என்பதன் வேற்றுமை வடிவமே இன்றைய 'யூ'. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு மொழியின் செல்வாக்கினால், உயர்ந்தோர் ஒருவரைப் பன்மையால் அழைக்கும் மரபு அங்கே வேரூன்றியது. நாமும் மதிப்பிற்குரிய ஒருவரை 'நீங்கள்' என்று பன்மையால் அழைக்கின்றோம் அல்லவா? அதே வழக்கம்தான். நாளடைவில் 'தௌ' என்பது நெருங்கியோரையும் தாழ்ந்தோரையும் அழைக்கும் சொல்லாகச் சுருங்கியது.

அந்தச் சொல் எவ்வளவு கூர்மை பெற்றுவிட்டது என்பதை 1603-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு வழக்கு காட்டும். சர் வால்ட்டர் ராலி மீது அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அரசுத் தரப்பில் வாதாடிய சர் எட்வர்டு கோக், ராலியை நோக்கி, 'உன்னை நான் தௌ என்றே அழைக்கின்றேன், துரோகியே' என்னும் பொருள்பட முழங்கினார். பெருமகன் ஒருவரை அவையறிய இழிவுபடுத்த அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

அதே நூற்றாண்டின் நடுவில், ஜார்ஜ் பாக்ஸ் என்பார் வழி நின்ற குவேக்கர் சமயத்தார் இதற்கு நேர்மாறான நெறியை மேற்கொண்டனர். 'இறைவன் முன் எல்லோரும் சமம். ஆதலின் பிரபுவாயினும் ஏழையாயினும் ஒருவரை ஒருமையால்தான் அழைப்போம்' என்று அவர்கள் உறுதி பூண்டனர். நீதிபதியையும் 'தௌ' என்றனர். அதற்காக ஏச்சும் அடியும் பெற்றனர். ஒரு விளிச்சொல்லுக்காகத் துன்பம் ஏற்ற மக்கள் இருந்தனர் என்பதை மாணவர்கள் மறவாதிருத்தல் நன்று.

ஆனால் மொழி அவர்கள் விரும்பிய வழியில் செல்லவில்லை. யாரை எப்படி அழைப்பது என்ற ஐயம் எழும்போதெல்லாம், மரியாதைச் சொல்லையே ஆள்வது பாதுகாப்பு என்று மக்கள் கருதினர் போலும். பதினேழாம் நூற்றாண்டின் முடிவிற்குள் 'தௌ' என்பது பொது வழக்கிலிருந்து ஒதுங்கி, வழிபாட்டிலும் செய்யுளிலும் சில வட்டாரப் பேச்சுகளிலும் தங்கிவிட்டது. 'யூ' ஒன்றே ஒருவருக்கும் பலருக்கும் உரியதாயிற்று. சமத்துவம் கிடைத்தது, ஆனால் பலரை அழைப்பதற்கென்று இருந்த தனிச்சொல் போயிற்று.

போன பொருளை மக்கள் தேடாமல் விடுவதில்லை. ஆங்கிலம் பேசும் நாடுதோறும் பொதுமக்கள் அந்தப் பள்ளத்தைத் தாமே நிரப்பிக்கொண்டனர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'யூ ஆல்' என்பது சேர்ந்து 'யால்' ஆயிற்று. ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் அயர்லாந்து மக்கள், ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது 'யூ' என்பதோடு பன்மை விகுதி சேர்த்து 'யூஸ்' என்றனர். அது லிவர்பூலுக்கும் கிளாஸ்கோவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது. பிட்ஸ்பர்க் நகரத்தார் 'யூ ஒன்ஸ்' என்பதைச் சுருக்கி 'யின்ஸ்' என்கின்றனர். ஜமைக்கா தீவில் 'உனு' என்பர். அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்கள் தம் ஆப்பிரிக்க மொழியாகிய இக்போவிலிருந்து அதனைக் கொணர்ந்தனர் என்று அறிஞர் கூறுவர். இச்சொற்கள் யாவற்றிற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. ஆண் பெண் என்ற வேறுபாடு இவற்றுள் எதிலும் இல்லை. எனினும் பள்ளிக்கூடமும் இலக்கண நூலும் இவற்றைக் கொச்சை என்று ஒதுக்கின. தேவையை நிறைவேற்றிய சொற்கள் வாயிலில் நிற்க, அவைக்குள் நுழைந்தது வேறொரு சொல்.

அந்தச் சொல்தான் 'கய்ஸ்'. அதன் பிறப்பு வியப்புக்குரியது. 1605-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் நள்ளிரவு வேளையில், இலண்டனில் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த நிலவறையில், 36 பீப்பாய் வெடிமருந்தைக் காத்து நின்ற ஒருவன் பிடிபட்டான். மறுநாள் சபைக்கு வரவிருந்த மன்னர் முதலாம் ஜேம்ஸையும் அவையோரையும் ஒருங்கே அழிக்க இட்ட சதி அது. அவன் பெயர் கய் பாக்ஸ். 1606 ஜனவரி 31-ஆம் நாள் அவன் தூக்குமேடை ஏறினான். மன்னர் உயிர் தப்பிய நாளை ஆண்டுதோறும் கொண்டாட வேண்டுமென்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நவம்பர் 5-ஆம் நாள் இரவில் மக்கள் சொக்கப்பனை கொளுத்தினர். கந்தல் உடுத்திய வைக்கோல் உருவங்களைத் தீயிலிட்டனர். அவ்வுருவத்திற்கு 'கய்' என்று பெயர் வழங்கிற்று. சிறுவர்கள் அதனைத் தெருத்தெருவாக இழுத்துச் சென்று காசு கேட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பொம்மையின் பெயர், அலங்கோலமாக உடுத்திய மனிதனைக் குறிக்கலாயிற்று. அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கா சென்றதும் அந்த இழிவும் உதிர்ந்து, 'ஆள்' என்ற அளவில் எந்த ஆடவனையும் குறித்தது. 1950-இல் நியூயார்க் நகரில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்தின் பெயர் 'கய்ஸ் அண்ட் டால்ஸ்'. அத்தலைப்பில் 'கய்ஸ்' ஆடவரையும் 'டால்ஸ்' பெண்டிரையும் குறித்தன. ஆனால் பலரை விளிக்கும்போது மட்டும் இச்சொல் தன் எல்லையை மெல்ல விரித்தது. 1971-இல் தொடங்கிய 'தி எலெக்ட்ரிக் கம்பெனி' என்னும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ரீட்டா மொரேனோ என்னும் நடிகை 'ஹே யூ கய்ஸ்' என்று கூவி அழைத்தபோது, சிறுமியரும் சிறுவரும் அது தமக்கே என்று உணர்ந்தனர். இன்று பெண்கள் மட்டுமே இருக்கும் குழுவிலும் பெண்ணொருத்தி அவ்வாறு அழைப்பதைக் கேட்கலாம். வெடிமருந்துச் சதிகாரன் ஒருவனின் பெயர் உலகெங்கும் நண்பர் குழாத்தை அழைக்கும் சொல்லாக மாறியது. சொற்களின் ஊழ் இத்தகையது!

இங்கே ஒரு வினா எழுகிறது. 'கய்ஸ்' என்பது உண்மையிலேயே பொதுச்சொல் ஆகிவிட்டதா? 'ஆம், அது எல்லோரையும் அடக்குகிறது. இதில் என்ன குறை?' என்பார் ஒரு சாரார். 'உங்கள் வகுப்பில் எத்தனை கய்ஸ் உள்ளனர் என்று கேட்டுப் பாருங்கள். ஆண் பிள்ளைகளை எண்ணித்தான் விடை வரும்' என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. விளிக்குங்கால் விரிந்தும், எண்ணுங்கால் சுருங்கியும் நிற்கும் சொல் அது. இத்தகைய சொல்லை நம்பினால் என்ன நேரும் என்பதற்கு ஆங்கில வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அதனைச் சற்று விரிவாகக் காண்பது பயன் தரும்.

பழைய ஆங்கிலத்தில் 'மன்' என்ற சொல் மனிதர் எவரையும் குறித்தது. ஆடவனைக் குறிக்க 'வெர்' என்ற சொல்லும், பெண்ணைக் குறிக்க 'வீப்' என்ற சொல்லும் இருந்தன. 'வீப்மன்' என்பதே திரிந்து 'வுமன்' ஆயிற்று. பின்னர் 'வெர்' வழக்கொழிந்தது. 'மன்' என்பதன் இன்றைய வடிவமாகிய 'மேன்' ஆடவனுக்கே உரிய சொல்லாகவும், மனித இனம் முழுமைக்கும் உரிய சொல்லாகவும் இரட்டை வேடம் பூண்டது. 1850-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள், வேறு விதமாக வெளிப்படக் கூறப்பட்டாலன்றி, பெண்பாலையும் உள்ளடக்கும் என்று அது விதித்தது. கேட்பதற்கு நன்றாகவே இருந்தது.

1867-இல் வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 'மேன்' என்னும் சொல்லை நீக்கி 'பெர்சன்' என்று இடவேண்டும் என்று, மே மாதம் 20-ஆம் நாள், பேரறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் மக்கள் சபையில் திருத்தம் கொணர்ந்தார். ஒரே ஒரு சொல்தான்! ஆதரவாக 73 வாக்குகளும் எதிராக 196 வாக்குகளும் விழுந்தன. திருத்தம் தோற்றது. ஆயினும் மான்செஸ்டர் நகரத்துப் பெண்கள் சோர்ந்துவிடவில்லை. 'ஆண்பாற் சொல் பெண்ணையும் அடக்கும் என்று நீங்களே சட்டம் செய்திருக்கின்றீர்கள்; ஆதலின் மேன் என்பதில் நாங்களும் அடங்குவோம்' என்று 5,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரினர். 1868-இல் அவ்வழக்கு 'சார்ல்ட்டன் எதிர் லிங்ஸ்' என்ற பெயரில் நீதிமன்றம் ஏறியது. பெண்கள் சார்பில் வாதாடியோருள் ரிச்சர்டு பாங்கர்ஸ்ட்டும் ஒருவர். நீதிபதிகள், இங்கே 'மேன்' என்பது பெண்ணை அடக்காது என்று தீர்ப்பளித்தனர். வரி செலுத்தவும் தண்டனை பெறவும் ஆண்பாற் சொல்லில் அடங்கிய பெண், வாக்களிக்க வரும்போது மட்டும் அச்சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். பிரிட்டனில் 1918-இல் பெண்டிரில் ஒரு பகுதியினரும், 1928-இல் ஆடவர்க்கு நிகராக அனைவரும் வாக்குரிமை பெறும்வரை அந்தக் கதவு அடைத்தே கிடந்தது.

'அங்ஙனமாயின், பொதுச்சொல் ஒன்றை இட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?' என்று நீங்கள் வினவலாம். அதுவும் போதாது என்பதைக் கனடா நாட்டு வரலாறு காட்டும். அந்நாட்டு அரசியற் சட்டம், மேலவைக்குத் தகுதியுள்ள 'பெர்சன்கள்' அமர்த்தப்படலாம் என்றே கூறியது. அச்சொல்லில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. இருப்பினும் 1928-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், அவ்விடத்தில் பெண்கள் அச்சொல்லில் அடங்கார் என்றது. எமிலி மர்பி முதலிய ஐந்து பெண்மணிகள் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தனர். 1929 அக்டோபர் 18-ஆம் நாள் சாங்கி பிரபு தீர்ப்புக் கூறினார்: பெண்களும் அச்சொல்லுக்கு உரியவரே. அடுத்த ஆண்டே கெய்ரின் வில்சன் என்னும் அம்மையார் மேலவை உறுப்பினரானார். சொல் பொதுவாயிருந்தால் மட்டும் போதாது. அதனைப் படிப்போரின் உள்ளமும் பொதுவாயிருத்தல் வேண்டும். எனினும் ஒன்று தெளிவு. சொல் பொதுவாய் இருந்ததால், வழக்காட ஒரு பிடி கிடைத்தது. 1868-இல் தோற்றவர்களுக்கு அந்தப் பிடியும் இல்லை.

இனி, மீண்டும் அவைக்கே வருவோம். பெண்கள் ஒரு மன்றத்திற்குள் நுழையும் நாளில் அம்மன்றத்தின் விளியும் மாறியாக வேண்டும். அமெரிக்காவின் வயோமிங் பகுதி 1869 டிசம்பரில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. 1870 மார்ச் மாதம் லாரமி நகரத்து நீதிமன்றத்தில் பெண்கள் ஜூரிகளாக அமர்ந்தனர். அதுவரை 'ஜென்டில்மென்' என்றே ஒலித்து வந்த அவையில், தலைமை நீதிபதி ஹோவ், 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்று தொடங்கி அவர்களை வரவேற்றார். இங்கிலாந்தில் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 1920 ஜூலையில் பிரிஸ்டல் நகரில் பெண்கள் முதன்முதலாக ஜூரிகளாக அமர்ந்தனர். இன்று அந்நாட்டு நீதிபதிகள் 'மெம்பர்ஸ் ஆஃப் தி ஜூரி', அதாவது 'ஜூரியின் உறுப்பினர்களே' என்று அழைக்கின்றனர். அவர்கள் ஆடவரா பெண்டிரா என்பதை அச்சொல் கேட்பதில்லை. அவர்கள் ஏற்றுள்ள கடமையின் பெயரால் அழைக்கிறது. இது சிறந்த வழி என்பது வெளிப்படை. பயணிகள், மாணவர்கள், உறுப்பினர்கள், தோழர்கள் என்று பணியாலும் உறவாலும் அழைக்கும்போது எவரும் விடுபடுவதில்லை.

வானொலி வந்த பின்னர் இவ்வரலாற்றில் ஒரு புதுத் திருப்பம் ஏற்பட்டது. மேடைப் பேச்சாளர் தம் முன் இருப்போரைக் கண்ணால் காண்கிறார். வானொலியில் பேசுவோர் காண்பதில்லை. கேட்பவர் கிழவரா, குழந்தையா, தனியே இருப்பவரா, குடும்பத்தோடு இருப்பவரா என்பது அவருக்குத் தெரியாது. எனவே, எல்லோரையும் தழுவும் சொல் அவருக்கு இன்றியமையாததாயிற்று. 1930 முதல் அமெரிக்க வானொலியில் செய்தியுரை வழங்கிய லோவல் தாமஸ், 'குட் ஈவ்னிங், எவ்ரிபடி' என்றே தொடங்குவார். 1933 மார்ச் 12-ஆம் நாள், வங்கிகள் மூடிக்கிடந்த நெருக்கடி வேளையில், குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் நாட்டு மக்களை 'மை ப்ரண்ட்ஸ்' என்று அழைத்துப் பேசினார். இச்சொற்கள் புதியனவா? இல்லை. 'நண்பர்', 'எல்லோர்', 'மக்கள்' என்னும் பொருளுடைய 'ப்ரண்ட்ஸ்', 'எவ்ரிபடி', 'ஃபோக்ஸ்' ஆகியன அம்மொழியில் நெடுங்காலமாக உள்ளனவே.

அண்மைக் காலத்தில் பொது நிறுவனங்களும் இவ்வழியை நாடின. 2017 ஜூலையில் இலண்டன் போக்குவரத்து நிறுவனம், சுரங்க இரயில் அறிவிப்புகளில் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்' என்பதை விடுத்து 'எவ்ரிவன்' என்று கூறுமாறு தன் பணியாளர்களைப் பணித்தது. 2019-இல் ஏர் கனடா விமான நிறுவனமும் அவ்வாறே அறிவித்தது. 2020 அக்டோபர் முதல் ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் ஆங்கில அறிவிப்பை மாற்றிக்கொண்டது. ஜப்பானிய மொழி அறிவிப்பில் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை, ஏனெனில் அது முன்னரே எல்லோர்க்கும் பொதுவாக இருந்தது. ஆண், பெண் என்னும் இரு பெயர்களில் எதனுள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாத மக்களும் பயணிகளாக இருக்கின்றனர். அவர்களும் அழைக்கப்பட வேண்டியவரே என்பது இம்மாற்றத்திற்குக் கூறப்பட்ட காரணம். 'பழைய விளியில் ஒரு பணிவும் அழகும் இருந்தது. அதனை ஏன் இழக்க வேண்டும்?' என்று வருந்தியோரும் உண்டு. அவ்வருத்தத்தையும் நாம் இகழ வேண்டுவதில்லை. 'லேடீஸ்' என்ற சொல்லே, பெண்களை மறந்திருந்த ஒரு மன்றத்தில் அவர்களை முதல்முறை நினைவுகூர்ந்த சொல் என்பதை லாரமி நகரத்து நிகழ்ச்சி காட்டிற்று. ஒரு காலத்தில் கதவைத் திறந்த சொல், பிறிதொரு காலத்தில் இன்னும் சிலரை வெளியே நிறுத்துவதாகத் தோன்றலாம். அப்பொழுது வேறு சொல் தேடுவது வரலாற்றின் இயல்பு.

ஆங்கிலம் பயிலும் மாணவர்களே! இவ்வளவும் கேட்ட பின்னர், கல்லூரி மன்றத்தில் எழுந்து நிற்கும்போது என்ன சொல்வது என்ற வினாவிற்கு விடை எளிது. தோழர்களிடையே 'ப்ரண்ட்ஸ்' என்றும், பொதுக்கூட்டத்தில் 'எவ்ரிவன்' என்றும், சங்கத்தில் 'மெம்பர்ஸ்' என்றும் அழைக்கலாம். 'கய்ஸ்' என்பதை நண்பர் ஒருவர் அன்போடு கூறினால் அவரைக் குற்றவாளியாக்க வேண்டுவதில்லை. ஆனால் அவையில் ஒருவர், 'அச்சொல் என்னை அடக்கவில்லை' என்று கூறினால், 'அடக்குகிறது' என்று அவரோடு வழக்காட வேண்டுவதுமில்லை. ஒரு சொல் தம்மை அழைத்ததா இல்லையா என்பதை அழைக்கப்பட்டவரே அறிவர். மான்செஸ்டர் நகரத்துப் பெண்களிடம், 'இச்சொல்லில் நீங்களும் அடங்குவீர்கள்' என்று சட்டம் பதினெட்டு ஆண்டுகள் சொல்லி வந்தது. வாக்குரிமை கேட்டு அவர்கள் வந்து நின்ற நாளில், இல்லை என்றது.